அடிபட்ட கோழிக்கு என்ன தீனி?

நாய் கவ்வி உதறிய கோழி, கீரியின் வாயிலிருந்து தப்பி வந்த கோழி, கூட்டாளிகளிடம் கொத்துப்பட்டு முதுகு சிவந்து நிற்கும் கோழி என எதுவானாலும், காயத்தைக் கழுவி மருந்து போட்ட கையோடு நம் வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ஒரு கைப்பிடி அரிசியை அள்ளி அதன் முன்னால் போடுவார்கள். கோழி திரும்பிக்கூடப் பார்க்காது. "தீனி எடுக்கலை, இனிமே தேறாது, அறுத்துடலாம்" என்று திண்ணையிலிருந்து தீர்ப்பு வந்துவிடும். பிழைத்திருக்கக்கூடிய எத்தனையோ கோழிகள் இந்த அவசரத்தால் குழம்பாகியிருக்கின்றன.

காயத்தைக் கழுவுவது, கட்டுவது, ஈ மொய்த்துப் புழு வைக்காமல் காப்பது எல்லாம் சென்ற அத்தியாயத்தில் பார்த்தாயிற்று. இங்கே தீனி மட்டும். அடிபட்ட கோழியின் தீனியில் பெரும்பாலோர் சறுக்குவது வரிசையில்தான். முதலில் சூடு, அடுத்து தண்ணீர், அதற்கடுத்து தெம்பு தரும் மாவுச்சத்து, கடைசியாக இறகு வளர்க்கும் புரதம். முதல் நாளே கருவாடும் புண்ணாக்குமாகக் கொட்டினாலும் பயனில்லை. ஒரு மாதம் கழித்தும் வெறும் அரிசியையே போட்டுக்கொண்டிருந்தாலும் பயனில்லை.

முதல் நாள்

கோழியின் உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸுக்கும் மேல். நமக்குக் கடுங்காய்ச்சல் என்பது அதற்கு இயல்பு நிலை. அந்தச் சூடு வெளியேறாமல் காப்பது இறகு. பாதி இறகும் கொஞ்சம் இரத்தமும் போய், பயத்தில் உறைந்து கிடக்கும் கோழி, மிச்சமிருக்கும் தெம்பையெல்லாம் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவழிக்கிறது. அந்த நிலையில் இரைப்பை சரியாக வேலை செய்யாது. கழுத்தடியில், மார்பின் வலப்பக்கம் உப்பித் தெரிகிறதே, அந்தப் பையைச் சொல்கிறேன். வற்புறுத்தி ஊட்டிய சோறு அங்கேயே கிடந்து புளிக்கும். ஆகவே முதல் ஒன்றிரண்டு மணி நேரம் தீனியைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஓர் அட்டைப்பெட்டி, அடியில் பழைய பருத்தித் துணி, பாதி மூடிய வாய். இருட்டில் கோழி அமைதியாகும். மழைக்காலமோ மார்கழியோ என்றால் பெட்டியின் ஒரு மூலைக்கு மேல், துணியிலும் அட்டையிலும் படாமல், 40 வாட்ஸ் குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள். ஒரு மூலைக்கு மட்டும்தான். சூடு போதுமென்று பட்டால் மறு மூலைக்கு நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். சித்திரை வைகாசியில் பல்பே தேவையில்லை. வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம் என்று பொருள். நிழலும் காற்றும்தான் அப்போது மருந்து.

பிறகு தண்ணீர். முதல் சில மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையோ பொடித்த கருப்பட்டியோ கரைத்து வைக்கலாம். இரத்தம் போயிருந்தால் மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, அதே அளவு தண்ணீரை இன்னொரு பங்கு சேர்த்து நீர்க்கச் செய்து கொடுங்கள். கோழிக்கு உப்பைத் தாங்கும் சக்தி நம்மைவிடக் குறைவு. இரண்டு நாளைக்கு மேல் இது வேண்டாம். பிறகு வெறும் தண்ணீரே போதும்.

குடிக்கவில்லை என்றால் அலகைப் பிளந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. தயவு செய்து ஊற்றாதீர்கள். கோழியின் வாயைத் திறந்து பாருங்கள். நாக்குக்குப் பின்னால் ஒரு சிறு துளை திறந்து திறந்து மூடும். அது மூச்சுக்குழாயின் வாய். ஊற்றுகிற தண்ணீர் நேரே அதற்குள் இறங்கினால், நாய்க்குத் தப்பியது உங்கள் கையில் போகும். அலகின் பக்கவாட்டு ஓரத்தில் விரலால் ஒரு சொட்டு வையுங்கள். நாக்கை அசைத்துத் தானே விழுங்கும். விழுங்கியதும் அடுத்த சொட்டு. பொறுமையான வேலைதான், வீட்டிலிருக்கும் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் மகிழ்ச்சியோடு செய்வார்கள். நின்று குடிக்கும் அளவுக்குத் தேறியபின் கனமான, ஆழமில்லாத மண் தட்டில் வையுங்கள். தலையைத் தூக்க முடியாமல் கிடக்கும் கோழியின் முன்னால் ஆழமான கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகக் கூடாது.

ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடையுள்ள நாட்டுக்கோழி நாளொன்றுக்கு 150 முதல் 250 மில்லி வரை தண்ணீர் குடிக்கும். கோடையில் இன்னும் கூடும். அளந்து ஊற்றி, மாலையில் மிச்சத்தை அளந்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரிந்துவிடும். தீனி எடுப்பது ஒரு நாள் தாமதமாகலாம். தண்ணீர் தாமதமாகக் கூடாது.

இரண்டாம் நாளிலிருந்து

இப்போது அரிசிக்கு வேலை வந்துவிட்டது. குழைய வேகவைத்த சோறு எளிதில் செரிக்கும், உடனே தெம்பு தரும். உப்புப் போடாத சோற்றை விரலால் மசித்து, அதில் வேகவைத்த முட்டையின் கருவை உதிர்த்துக் கலந்து, எலுமிச்சை அளவு வையுங்கள். ஒரே நேரத்தில் தட்டு நிறையக் கொட்டாமல், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக வைப்பது நல்லது. ஈரத் தீனி நம் ஊர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். மிஞ்சியதை எடுத்துவிட்டு, தட்டைக் கழுவி, புதிதாக வைக்க வேண்டும்.

"முட்டையைக் கோழிக்கே கொடுக்கிறதா?" என்று கேட்காத வீடு குறைவு. கொடுக்கலாம். முட்டை என்பது ஓர் உயிரை இறகோடு வெளியே அனுப்புவதற்காகக் கோழியே சேர்த்து வைத்த உணவு. அடிபட்ட கோழிக்கு அதைவிடப் பொருத்தமாக வேறு எதையும் கடையில் வாங்க முடியாது. ஆனால் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் பொருள், தோலுக்கும் இறகுக்கும் வேண்டிய பயோட்டின் என்ற வைட்டமினை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். வேகவைத்தால் அந்தத் தொல்லை போய்விடும். பச்சை முட்டையின் ருசி பழகினால் தன் முட்டையையே உடைத்துத் தின்னும் கெட்ட பழக்கமும் வரும். ஓட்டையும் தெரியாதபடி நொறுக்கிப் போடுங்கள்.

தீனியைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கும் கோழியிடம் ஒரு வித்தை பலிக்கும். ஆள்காட்டி விரல் நுனியால் தட்டிலுள்ள தீனியை டொக் டொக்கென்று கொத்துங்கள். தாய்க்கோழி குஞ்சுகளுக்கு இரையைக் காட்டிக் கொடுப்பது இப்படித்தான்; வளர்ந்த கோழிக்கும் அது மறப்பதில்லை. சிவப்பாக ஏதாவது தெரிந்தாலும் கொத்திப் பார்க்கும். ஒரு துண்டு தக்காளி, ஒரு கீற்று தர்ப்பூசணி போடலாம். சாதுவான இன்னொரு கோழியைக் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் விட்டு அதற்கும் தீனி போட்டால், பக்கத்தில் ஒருத்தி தின்பதைப் பொறுக்காமல் இதுவும் தின்னத் தொடங்கும்.

இத்தனைக்கும் ஒரு நாள் முழுதும் ஒன்றும் உள்ளே போகவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். குழாய் வழியாக இரைப்பைக்குள் தீனி செலுத்த அவர்களுக்குத் தெரியும். சோற்று உருண்டையை அலகுக்குள் திணிப்பதற்கும் அதற்கும் வித்தியாசம் நிறைய. நாயோ பூனையோ கடித்திருந்தால், கோழி தின்றாலும் தின்னாவிட்டாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பல் இறங்கிய இடம் வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும். உள்ளே சீழ் வைத்துவிடும்.

மருத்துவர் டெட்ராசைக்ளின் வகை மருந்து கொடுத்திருந்தால் அந்த நாட்களில் கிளிஞ்சல், முட்டை ஓடு, தயிர் மூன்றையும் நிறுத்திவிடுங்கள். அவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாது. மருந்து கொடுத்த பலனே இருக்காது, பழி மருந்தின் மேல் விழும்.

இறகின் கணக்கு

காயம் ஆறத் தொடங்கி, கோழி எழுந்து நடந்து, குரல் கொடுக்க ஆரம்பித்த பிறகு வருவதுதான் நீண்ட வேலை. தீனி போடுமுன் கோழியைக் கையில் எடுத்து, போன இறகு எப்படிப் போயிருக்கிறது என்று பாருங்கள். வேரோடு பிடுங்கப்பட்ட இடத்தில் தோல் வழவழவென்று சிறு துளைகளோடு இருக்கும். அங்கே இரண்டு மூன்று வாரத்தில் முள் குத்தினாற்போல் புது இறகு தலைகாட்டும். பாதியில் ஒடிந்த இறகின் அடிக்கட்டை தோலில் நின்றுகொண்டிருந்தால், அது அடுத்த இறகுதிர் காலம்வரை அப்படியே நிற்கும். எவ்வளவு சத்தாகத் தின்றாலும் ஒடிந்த இறகு நீளாது. தோலே கிழிந்து தழும்பான இடத்தில் இறகுக் குழிகள் அழிந்திருந்தால் அங்கே எப்போதுமே மொட்டைதான். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல், "ரெண்டு மாசமா கருவாடு போடறேன், முடி முளைக்கலை" என்று தீனியைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கழுத்து மொட்டையாகவே பிறக்கும் நாட்டு ரகத்தைச் சந்தையில் புதிதாக வாங்கி வந்து, இறகு முளைக்க வைத்தியம் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அத்தியாயம் உதவாது.

சேவல் ஏறி ஏறி முதுகு இறகு தேய்ந்திருந்தால் சேவலைப் பிரிக்க வேண்டும். இரவில் டார்ச் அடித்து ஆசனவாயைச் சுற்றியும் சிறகடியிலும் பார்த்தால் பேனோ செள்ளோ ஊர்வது தெரியும். தெரிந்தால் முதலில் அதை ஒழிக்க வேண்டும். இந்த இரண்டும் இருக்கும்வரை நீங்கள் போடும் சத்தெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்.

இனி கணக்கு. கோழியின் எடையில் தோராயமாக நூற்றுக்கு ஐந்தாறு பங்கு இறகு. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 80, 90 கிராம் வரும். அந்த இறகில் நூற்றுக்கு 85க்கு மேல் புரதம். பாதி இறகு போயிருந்தால், ஆறேழு வாரத்தில் 35, 40 கிராம் புரதத்தை அது புதிதாக நெய்தாக வேண்டும். நாளைக்கு ஒரு கிராம்கூட வரவில்லையே, இது பெரிய காரியமா என்று தோன்றும். சிக்கல் அளவில் மட்டும் இல்லை, புரதத்தின் வகையிலும் இருக்கிறது. இறகுப் புரதத்தில் கந்தகம் அடங்கிய சிஸ்டைன் என்னும் அமினோ அமிலம் நூற்றுக்கு ஏழு பங்கு அளவுக்கு இருக்கிறது. அதைத் தீனியிலிருந்து நேராகவோ, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து மாற்றியோதான் கோழி பெற முடியும். பயறு, சோயா, நிலக்கடலை போன்றவற்றின் புரதத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே அதில் பாதிகூட வராது. தேவையான ஒன்றைச் சேர்ப்பதற்காகத் தேவையில்லாத பலவற்றையும் தின்று தீர்க்க வேண்டியிருக்கிறது. புண்ணைத் தோல் மூடுவதற்கும் அதே சரக்கு வேண்டும்.

அரிசியை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கோழி நாளொன்றுக்குத் தின்பது 90 கிராம் அளவு. அத்தனையும் குருணையாக இருந்தால் கிடைக்கும் புரதம் ஆறு கிராம் சொச்சம். தேறிவரும் கோழிக்கு வேண்டியது 15 கிராமுக்கு மேல். மேய்ச்சலுக்குப் போகும் கோழி மிச்சத்தைப் புழு பூச்சியாகப் பொறுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். அதனால்தான் அரிசி போட்டே வளர்த்த பாட்டிமார்களின் கோழிகள் நன்றாக இருந்தன. பெட்டிக்குள் அடைபட்ட கோழிக்கு அந்த வழி இல்லை. நாம்தான் கொண்டு வந்து போட வேண்டும்.

கடையில் வாங்குவதானால், கோழித் தீவன மூட்டைகளில் ஸ்டார்ட்டர் என்று அச்சிட்ட குஞ்சுத் தீவனமே இந்த நேரத்துக்கு ஏற்றது. புரதம் நூற்றுக்கு 18 முதல் 22 வரை இருக்கும், மெத்தியோனின் தனியாகவும் சேர்த்திருப்பார்கள். லேயர் என்று அச்சிட்ட முட்டைக்கோழித் தீவனத்தில் புரதம் 16, 17 இருந்தாலும் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை, நான்கு என்று இருக்கும். அது நாள்தோறும் முட்டை ஓடு செய்கிற கோழிக்கான அளவு. அடிபட்ட கோழியும் இறகு வளர்க்கும் கோழியும் முட்டையை நிறுத்திவிடும். செலவழிக்க வழியில்லாத சுண்ணாம்பு நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனத்தில் இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்திருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். கலந்திருந்தால், அதைத் தின்னும் நாட்களில் முட்டை வைத்தால் நீங்கள் சாப்பிட வேண்டாம்.

வீட்டிலேயே கலப்பது

உடைத்த கம்போ மக்காச்சோளமோ 55 கிராம், தவிடு 10, எள்ளுப் புண்ணாக்கு 15, உப்பில்லாமல் காயவைத்த கருவாட்டுத் தூள் 10, வேகவைத்துக் காயவைத்த பச்சைப்பயறு 10. நூறு கிராமுக்கு இந்தக் கலவையில் புரதம் 18க்கும் 20க்கும் இடையில் வரும். மீன் சேராத வீடு என்றால் கருவாட்டுக்குப் பதில் நாளுக்கு அரை முட்டை.

புண்ணாக்கில் நான் எள்ளைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் கடலைப் புண்ணாக்கில் புரதம் தாராளமாக இருந்தாலும் மெத்தியோனின் மிகக் குறைவு. எள்ளுப் புண்ணாக்கில்தான் புண்ணாக்குகளிலேயே அது நிறைய. ஆனால் எள்ளில் லைசின் என்னும் இன்னொரு அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையைக் கருவாடும் பயறும் நிரப்புகின்றன. எள்ளின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் அதிலுள்ள ஃபைட்டிக் அமிலம் துத்தநாகத்தையும் சுண்ணாம்பையும் கட்டிப்போடும். துத்தநாகம் குறைந்தால் தோலும் இறகும் தடுமாறும். 15 கிராமோடு நிறுத்துங்கள்.

கடலைப் புண்ணாக்கில் இன்னோர் ஆபத்து பூஞ்சை. ஈரக் காற்றில் கிடந்த புண்ணாக்கில் வளரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். வெயிலில் உலர்த்தினாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. மக்காச்சோளத்துக்கும் இதே எச்சரிக்கை. மக்கிய வாடை அடித்தால் எருக்குழிக்குத்தான்.

கருவாடு வாங்கும்போது உப்புப் போடாமல் வெறும் வெயிலில் காயவைத்த நெத்திலியோ சென்னாகூனியோ கேட்டு வாங்குங்கள். உப்புக் கருவாடுதான் கிடைத்தது என்றால் கோழிக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள்.

எல்லாவற்றிலும் மலிவானதும், கோழி தலைகால் தெரியாமல் ஓடி வந்து தின்பதும் கரையான். கிராமங்களில் குஞ்சுகளுக்காகச் செய்யும் பழைய முறைதான். ஒரு பழைய மண்பானைக்குள் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, வைக்கோல், ஓலைத் துண்டு எல்லாவற்றையும் அடைத்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பதால் விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வீட்டுச் சுவரை ஒட்டியும், மரத் தூண், நிலைக்கதவுக்குப் பக்கத்திலும் பானையைக் கவிழ்க்காதீர்கள். கரையானுக்கு மருந்து அடித்த இடமும் ஆகாது. செத்த பிராணியிலோ அழுகிய இறைச்சியிலோ நெளியும் புழுவைப் பொறுக்கிப் போடுவது வேறு விஷயம். அதன் வழியாகக் கழுத்து துவண்டு சாகும் பாட்டுலிசம் வரும். கொழுத்த புழுவாயிற்றே என்று ஆசைப்படக் கூடாது.

கீரையில் முருங்கையைத் தாராளமாகக் கொடுக்கலாம். நிழலில் உலர்த்திப் பொடித்து ஒரு தேக்கரண்டி கலவையில் சேர்த்தால் வைட்டமின் ஏ கிடைக்கும். அசோலா பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் புகழ் அதன் சத்தைவிட வேகமாக வளர்கிறது. நூற்றுக்கு 20, 25 புரதம் என்பது உலர்ந்த அசோலாவுக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் பச்சை அசோலாவில் நூற்றுக்கு 90க்கு மேல் தண்ணீர். ஒரு கைப்பிடியில் ஒரு கிராம் புரதம் தேறுவதே கஷ்டம். தீனியோடு கூடுதலாகப் போடுங்கள், தீனிக்குப் பதிலாகப் போடாதீர்கள்.

ஆட்டு ஈரலை வேகவைத்து, கட்டைவிரல் நுனியளவு, வாரம் இரண்டு முறை கொடுத்தால் இரத்தம் போன கோழிக்கு இரும்புச் சத்தும் பி12 வைட்டமினும் சேரும். கிளிஞ்சலைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும்போது கோழியே போய்த் தின்னும்; எலும்பு முறிந்திருந்தால் கூடவே காலை வெயிலும் வேண்டும். மண்ணில் மேயாத கோழிக்கு மிளகளவு சிறு கல்லும் ஒரு சிட்டிகை வைக்க வேண்டும். கோழிக்குப் பல் கிடையாது, தானியத்தை உள்ளே அரைப்பது அந்தக் கல்தான்.

எந்த நேரத்தில் எது என்றால், காலையில் முட்டை, கரையான், கலவை. மாலை அடையுமுன் ஒரு கைப்பிடி கம்போ உடைத்த சோளமோ. தானியம் இரவெல்லாம் மெல்லச் செரித்துச் சூடு தரும். இறகில்லாத கோழி உடம்பைச் சூடாக வைக்கவே கூடுதலாகத் தின்னும், மழைநாளில் அது நன்றாகத் தெரியும். வழக்கத்தைவிடத் தீனி அதிகம் போகிறதே என்று கையைச் சுருக்காதீர்கள்.

கொடுக்கக் கூடாதவை பெரும்பாலும் அன்பின் பெயரால் வருகின்றன. சாம்பார் சோறு, ஊறுகாய் பட்ட மிச்சம், மிக்சர், முறுக்கு எல்லாமே உப்பு. ஊறவைத்த பச்சைப் பயறும் சோயாவும் செரிமானத்தைத் தடுக்கும். வேகவைத்தே ஆக வேண்டும். பச்சை படர்ந்த உருளைக்கிழங்குத் தோல் ஆகாது. சின்ன வெங்காயத்தை மருந்தென்று பொடியாக அரிந்து போடுவது நம் வழக்கம். சளிக்கு எப்போதாவது இரண்டு துணுக்கு என்றால் போகட்டும். இரத்தம் இழந்த கோழிக்கு அள்ளிப் போடக் கூடாது, அளவு மீறினால் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை உடைத்துத் தீனியில் கலப்பது அறவே வேண்டாம்.

தேறுகிறதா என்று பார்ப்பது

தினமும் விடியற்காலையில், தீனி வைக்குமுன், இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாக, தளர்ந்து இருக்க வேண்டும். முந்தின நாள் தின்றது கெட்டியாகவோ, தண்ணீர் பை போலத் தொளதொளவென்றோ இருந்தால் செரிமானம் நிற்கிறது. புளித்த வாடையும் வந்தால் தீனியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேட்க வேண்டும். இரவு அடையும்போது அதே பை நிறைந்து உருண்டிருக்க வேண்டும்.

எச்சம் பழுப்பாக, மேலே வெள்ளைப் பூச்சோடு இருந்தால் சரி. நாளுக்கு ஒன்றிரண்டு முறை கரும்பழுப்பில் பசை போல, கடும் நாற்றத்தோடு போவதும் இயல்புதான். குடல்வாலிலிருந்து வருவது, அதைக் கழிச்சல் என்று எண்ணிப் பதற வேண்டாம். கரும்பச்சையாகப் போனால் வயிற்றில் தீனி இல்லை, வெறும் பித்தம் இறங்குகிறது என்று பொருள். தட்டு காலியாகிறது, எச்சமோ பச்சையாக இருக்கிறது என்றால் தீனியைத் தின்பது வேறு யாரோ. எலியா, காக்கையா என்று பாருங்கள்.

வாரம் ஒரு முறை எடை போடுங்கள். தராசு இல்லையென்றால் மார்பெலும்பைத் தடவுங்கள். கத்தி முனை போல் துருத்தினால் இன்னும் போதவில்லை, இரு பக்கமும் சதை ஏறியிருந்தால் வழி சரி.

முள்ளிறகு முளைக்கும் நாட்களில் கோழியைத் தேவையில்லாமல் கையில் எடுக்காதீர்கள். அந்த முள்ளுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். அழுத்தினால் வலிக்கும், ஒடிந்தால் இரத்தம் கொட்டும். கொட்டினால் மாவையோ மஞ்சள் தூளையோ வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மற்ற கோழிகளுக்கு இந்த முள் ஒரு தின்பண்டம். ஒன்று கொத்திச் சுவைத்தால் எல்லாம் வரிசையில் வந்துவிடும். கூட்டமே இறகைக் கொத்தித் தின்கிறதென்றால் புரதமோ உப்போ குறைந்திருக்கலாம், அல்லது இட நெருக்கடி. அப்போது அடிபட்டதற்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் தீனியை மாற்ற வேண்டும்.

இறகு விரிந்து, உறை பொடியாக உதிர்ந்து, கொண்டை பழையபடி சிவந்தபின் கூட்டத்தில் விடலாம். பகலில் விட்டால் புது ஆளாக எண்ணி அடிக்கும். அந்தி சாய்ந்து எல்லாம் அடைந்தபின் உள்ளே வையுங்கள். மறுநாள் காலை தீனித் தட்டுகளை இரண்டு மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வைத்தால் ஒன்றில் விரட்டப்பட்டாலும் இன்னொன்றில் தின்னும். இந்த நாட்களில் மட்டும் மாலையில் தனியாகப் பிடித்து அரை முட்டையோ ஒரு பிடி கலவையோ கொடுங்கள்.

முட்டை எப்போது என்று அவசரப்படாதீர்கள். இறகும் முட்டையும் ஒரே சரக்கில் செய்பவை. கோழி முதலில் இறகை முடித்துக்கொள்ளும். முதல் முட்டை வந்ததும் குஞ்சுத் தீவனத்தை ஒரே நாளில் நிறுத்தாமல், ஒரு வாரம் இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்து முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாற்றுங்கள். மருந்து கொடுத்திருந்தால் எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக் குறித்து வைத்திருப்பீர்கள். அந்தக் கெடு முடியும்வரை வருகிற முட்டையை வீட்டிலும் சமைக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம், வேகவைத்து மற்ற கோழிகளுக்கும் போட வேண்டாம்.